டர்பன் ஈரக்காற்றில் பழைய சிமென்ட் பூச்சுச் சுவருக்கு எந்தப் பெயின்ட்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960களில் கட்டிய வீடு. பெயின்ட் வாங்கும் முன் ஈரம் பார்த்தேன்: பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். தாளின் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அடிப்பகுதியில் நின்றது, தோட்டத்து மண் சுவரோடு ஏறிக் கிடந்தது. 15 செ.மீ. இறக்கி வெட்டிக் காயவிட்டேன்.

தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்த பூச்சைக் கொத்தி எடுத்து, மணல் 6, சிமென்ட் 1, நீற்றுச் சுண்ணாம்பு 1 என்ற கலவையால் பூசினேன். சிமென்ட் கூடினால் ஒட்டுப்போட்ட இடம் பழைய பூச்சைவிட இறுகி, ஓரத்தில் விரிசல் விடும். 28 நாள் கழித்தே, சிமென்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் (பெயின்டுக்கு அடிப்பூச்சு) அடித்தேன்.

டர்பன் தென்கோளத்தில் இருப்பதால் வெயில் படாத தெற்குச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. பிளீச் 1, தண்ணீர் 3. கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கையில் மாவாக ஒட்டும் பழைய பெயின்டுக்கு ஊடுருவும் பிரைமர்.

ரப்பர் போன்ற தடித்த பூச்சை ஒதுக்கினேன். உள்ளீரம் வெளியேற வழியின்றிக் கொப்பளிக்கும். சிலிகேட் பெயின்ட் (சுவரின் சிமென்டோடு வேதிவினையில் பிணையும் கனிமப் பெயின்ட்) நல்லதுதான், ஆனால் பழைய அக்ரிலிக் மேல் பிடிக்காது. மிஞ்சியது மேட் (பளபளப்பில்லாத) அக்ரிலிக், இரண்டு கோட். சொரசொரப்பான சுவரில் 20 லிட்டர் வாளி, இரண்டு கோட்டுக்கும் சேர்த்து, சுமார் 60 சதுர மீட்டருக்கு வரும்.