நல்ல தண்ணி எது? முதன்முறையாக வெளிநாட்டில் குடித்தனம் வைப்பவர்களுக்கு

எங்கள் கடற்கரை ஊரான கீழக்கரையில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான். நாக்கில் வைத்தால் கரிக்காதது நல்ல தண்ணி. குடிக்கவும் சோறாக்கவும் ஆகும். கரித்தால் உப்புத் தண்ணி, குளிக்க, கழுவ. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. உம்மா சிறு பிள்ளையாக இருந்தபோது கடற்கரை மணலில் ஊத்துத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்திருக்கிறார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதைக் கலக்காமல் மொள்ள வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் ஒரு சாண் தோண்டினால் உப்பு ஏறிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகும் பெண்களை ராமநாதபுரம் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்படி வளர்ந்த நாக்கோடு துபாய்க்குப் போனேன். தேராவில் ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் வீடு. போன அன்றே குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. நல்ல தண்ணிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால்தான் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. "எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள்? அது எங்கிருந்து வருகிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள நான் செய்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்தும் பெரியபட்டினம், தொண்டி பக்கமிருந்தும் பிள்ளைகள் புதுக் குடித்தனத்துக்குப் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை.

முதல் படி: அந்த ஊர்க் குழாயில் வருவது என்ன?

விமானம் ஏறும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். போகும் நகரத்தின் குடிநீர் வாரியத்தின் தளத்தில், தண்ணீரின் மூலம் எது, நேரடியாகக் குடிக்கலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும்.

சிங்கப்பூர் என்றால் கவலை குறைவு. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜோகூரிலிருந்து வருவது, சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீரான நியூவாட்டர், கடல்நீரைச் சுத்திகரித்தது என்று நான்கு வழியில் அங்கே தண்ணீர் வருகிறது. இங்கிலாந்திலும் நேரடியாகக் குடிக்கலாம். ஆனால் 1970-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயக் குழாய் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மலேசியாவிலும் சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள். இருந்தாலும் பழைய குழாய்களை நம்பாமல் பலர் வாசலிலேயே ஃபில்டர் மாட்டியிருப்பார்கள், காய்ச்சியும் குடிப்பார்கள்.

வளைகுடாவில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீர்தான். உப்பை எடுத்து, குடிக்கத் தோதாகக் கொஞ்சம் தாதுக்களைச் சேர்த்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். நம் பக்கம் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க நிலையம் வைத்தார்களே, அதே வேலைதான். அங்கே ஊர் முழுவதற்கும் நடக்கிறது. ஆகவே அங்கே தண்ணீர் கரிக்காது. என் நாக்கு ஏமாந்தது அங்கேதான். உப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பழகிய நாக்குக்குக் கிருமியும் தெரியாது, ஈயமும் தெரியாது.

இரண்டாம் படி: மொட்டைமாடித் தொட்டியைப் பற்றிக் கேளுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். வாரியம் எவ்வளவு நல்ல தண்ணீர் விட்டாலும், அது முதலில் உங்கள் கட்டடத்தின் தரைத்தொட்டிக்கும் பிறகு மேல்தொட்டிக்கும் போய்விட்டுத்தான் டம்ளருக்கு வருகிறது. தொட்டிக்குப் போன பிறகு அதற்குப் பொறுப்பு வாரியம் இல்லை, கட்டடக்காரர்.

நான் வாட்ச்மேனைக் கெஞ்சி மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி மூடி சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு. உள்ளே அடியில் சேற்று நிறத்தில் ஒரு படலம். தண்ணீர் மேல் புறா இறகு ஒன்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தவள், அன்று ராத்திரி ஆணத்துக்குக்கூட (குழம்புக்குக்கூட) குழாயைத் திறக்கவில்லை.

வீடு பார்க்கப் போகும்போதே, வாடகை பேசும் முன்பே, கேட்க வேண்டியவை இவை. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? கழுவியதற்கு ரசீதோ சான்றோ உண்டா? மூடி பூட்டியிருக்கிறதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் நல்லது. "அதெல்லாம் கழுவுவாங்க" என்று மட்டும் பதில் வந்தால், கழுவவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. வளைகுடாக் கோடையில் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். அதனால் பலர் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலில் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் ஆறி நிற்கும் தண்ணீரைக் குளிக்கப் பயன்படுத்துவார்கள். குளிக்கச் சரி. குடிக்கவோ சமைக்கவோ ஹீட்டர் வழியாக வரும் தண்ணீரை எந்த நாட்டிலும் எடுக்க வேண்டாம். சூடான நீரில் குழாயின் உலோகம் அதிகம் கரையும்.

மூன்றாம் படி: உங்கள் குழாயையே சோதியுங்கள்

சமையலறைக் குழாயின் வாயைத் திருகினால் ஒரு சின்னச் சல்லடை கழன்று வரும். அதை உள்ளங்கையில் தட்டுங்கள். எனக்குத் துருப்பொடியும் வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்குகளும் விழுந்தன. துரு நிறைய இருந்தால் குழாய் அரித்திருக்கிறது என்று அர்த்தம். சல்லடையை வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள்.

அப்புறம் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் போல வெளுத்திருந்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, பயமில்லை. மேலிருந்து தெளிந்து அடியில் ஏதாவது தங்கினால்தான் யோசிக்க வேண்டும். லேசான குளோரின் வாடை கெட்டதல்ல, காவலுக்கு ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அழுகல் வாடை வந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

ஈயத்துக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. பழைய வீடு என்றால் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். லண்டன் போன்ற இடங்களில் தண்ணீர் நிறுவனத்திடமே கேட்டுப் பாருங்கள். முடிவு வரும்வரை, ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைக் காலையில் கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஓடவிட்டதை வாளியில் பிடித்தால் வீடு துடைக்கலாம். தண்ணீரைக் கொட்ட நம் ஊர்க்காரருக்கு மனசு வராது, தெரியும்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி

ஊரில் எல்லோர் கையிலும் இப்போது இந்தப் பேனா மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை அது காட்டும், அவ்வளவுதான். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. எங்கள் கிணற்றில் விட்டால் நான்கு இலக்கத்தில் நிற்கும், ஆகவே இங்கே அது உதவும். ஆனால் உப்பை வடிகட்டி எடுத்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு குடத்தில் ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தால் அந்த மீட்டர் அசையாது. எண் குறைவாக இருப்பதை வைத்துக் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதை வைத்து ஒரு வித்தையும் காட்டுவார்கள். ஆர்.ஓ. விற்க வந்த ஒருவர் எங்கள் மேசையில் இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவருடைய தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் நிமிடத்தில் செம்பழுப்பாக மாறிவிட்டது. "இதையா பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்றார். எனக்குப் பகீரென்றது. உண்மையில் அந்தக் கறை இரும்புக் கம்பி கரைந்து வருவது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும், ஆர்.ஓ. நீரில் சரியாக ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். போடச் சொல்லுங்கள், மனிதர் பெட்டியை மூடிவிடுவார்.

நான்காம் படி: கோளாறுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

கிருமிதான் சந்தேகம் என்றால் காய்ச்சினாலே போதும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலான மலை ஊர் என்றால் மூன்று நிமிடம். அரை மணிநேரம் கொதிக்கவிட்டு கேஸைத் தீர்க்க வேண்டாம். ஆனால் உப்பும் ஈயமும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை செறிந்துகொண்டுதான் போகும்.

குளோரின் வாடை மட்டும்தான் பிடிக்கவில்லையா? கரி ஃபில்டர் வைத்த ஜக் போதும். அதன் கரியைச் சொன்ன காலத்தில் மாற்றவில்லையென்றால் கிருமிக்கு அதுவே வீடாகிவிடும். ஈயத்துக்கு ஃபில்டர் வாங்கினால் பெட்டியில் என்.எஸ்.எஃப். 53 என்ற தரமும், ஈயத்தைக் குறைக்கும் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். 42 என்று மட்டும் இருந்தால் அது ருசிக்கும் வாடைக்கும்தான். யு.வி. விளக்கு கிருமியைச் செயலிழக்க வைக்கும், ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. ஆர்.ஓ. உப்பையும் ஈயத்தையும் எடுக்கும், கூடவே நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். கடல்நீரிலிருந்து ஏற்கெனவே உப்பை எடுத்து அனுப்பும் ஊரில், மறுபடி உப்பெடுக்க ஆர்.ஓ. எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள். எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது தொட்டியைக் கழுவ ஓர் ஆள்.

ஐந்தாம் படி: கேன் வாங்குவது என்றால்

கட்டடக்காரர் கழுவ ஒப்புக்கொள்ளும்வரை நாங்களும் கேன்தான் வாங்கினோம். ஐந்து கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். மூடியின் சீல் கிழியாமல் இருக்க வேண்டும், தேதி தெளிவாக இருக்க வேண்டும். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேனை வாங்காதீர்கள். திரும்பத் திரும்ப நிரப்பும் கேன் என்பதால் உள்ளே கீறலோ பச்சைப் பாசியோ தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

கேனை வாங்குபவர்கள் அதைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரை மறந்துவிடுகிறார்கள். கேன் உட்காரும் குழிக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் இத்தனை நாள் அதன் வழியாகத்தான் குடித்திருக்கிறீர்கள். மாதம் ஒருமுறையாவது பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழுவுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்பவர்கள், கேன் தண்ணீராக இருந்தாலும் காய்ச்சியே ஆக வேண்டும். கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்கு முன் பவுடரைக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். பவுடரிலேயே கிருமி இருக்கலாம் என்பதால்தான் அந்தச் சூடு.

வெள்ளமோ புயலோ வந்து கேனும் இல்லை, அடுப்பும் இல்லை என்றால், வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச், 5 முதல் 9 சதவீதம் வரையுள்ளது, தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலக்கி அரை மணிநேரம் கழித்துக் குடிக்கலாம்.

கடைசிப் படி: வீட்டுக்குள் வந்த பிறகு

நான் ஊரிலிருந்து ஆசையாக ஓர் எவர்சில்வர் குடம் கொண்டுபோயிருந்தேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதில் ஊற்றி மூடிவைப்பேன். பிள்ளைகள் விளையாடிவிட்டு ஓடிவந்து டம்ளரோடு கையையும் மணிக்கட்டு வரை முக்கி மொள்வார்கள். இத்தனை சோதனையும் செய்துவிட்டு இதை ஒரு மாதம் நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் அடியில் குழாய் வைத்த பாத்திரம் ஒன்று வாங்கினேன். குடம் அரிசி போடப் போயிற்று.