விபத்து நடந்த இடத்தைக் கழுவிவிடாதீர்கள்

தொழிற்சாலையில் விபத்து நடந்தால், அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பிய கையோடு தரையைக் கழுவி, மெஷினை மறுபடி ஓட்டிவிடுகிறார்கள். விபத்தை விசாரிக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது பார்க்க எதுவும் மிஞ்சாது. அதனால் மின்சாரத்தைத் துண்டித்து, மெயின் சுவிட்சைப் பூட்டி, சுற்றிலும் கயிறு கட்டிவிடுங்கள். உயிரைக் காப்பாற்றவும் அடுத்த ஆபத்தைத் தடுக்கவும் தவிர எதையும் நகர்த்த வேண்டாம்.

மொபைலில் நான்கு பக்கமிருந்தும் தூரப் படம் எடுத்துவிட்டு, பிறகு கிட்டத்தில் எடுங்கள். பாதுகாப்பு மூடி மாட்டியிருந்ததா, கழற்றி ஓரமாக வைத்திருந்ததா, அவசர நிறுத்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, எண்ணெய் எங்கே சிந்தியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். சிசிடிவி பதிவை அன்றைக்கே நகலெடுங்கள். தாமதித்தால் புதிய பதிவு அதை அழித்துவிடும்.

பார்த்தவர்களைத் தனித்தனியாக விசாரியுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவதுதான் மிகப் பெரிய தவறு. அதிலிருந்து எதையும் சரிசெய்ய முடியாது. ‘காலை 10.40 மணி. ஓடிக்கொண்டிருந்த கன்வேயரில் சிக்கிய சாக்கை இழுத்தபோது வலது கை ஆள்காட்டி விரல் உருளையில் மாட்டியது. மூடி இல்லை’ என்று எழுதுங்கள். மூடி ஏன் இல்லை என்ற அடுத்த கேள்வி தானே வரும்.

உயிரிழப்பு, உறுப்பு இழப்பு என்றால் ஆய்வாளர் அலுவலகத்துக்கு உடனே போனில் தகவல், பிறகு எழுத்தில். கெடு நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டம் சொல்லும் கெடுவையும் அழைக்க வேண்டிய எண்ணையும் இன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள்.