அமெரிக்க விற்பனை வரி: எங்கே தப்புக்கணக்கு போடுகிறோம்?

அலமாரியில் 20 டாலர் என்று ஒட்டியிருக்கும். நியூயார்க் நகரத்துக் கடையில் பில் 21.78 என்று வரும். எம்.ஆர்.பி.க்குள்ளேயே வரியும் அடங்கிவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி. அது நாலு நாளில் பழகிவிடும். மற்ற தவறுகள்தான் காசைக் கரைப்பவை.

மாநிலத்தின் பெயரை மட்டும் வைத்து வரியைக் கணக்கிடுவது அதில் முதலாவது. நியூயார்க் மாநிலம் எடுப்பது 4% மட்டுமே. நகரத்துக்கு 4.5%, பெருநகரப் போக்குவரத்து வட்டாரத்துக்கு 0.375% சேர்ந்துதான் 8.875% ஆகிறது. டெக்சஸில் மாநில வரி 6.25%, ஊர், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல), போக்குவரத்து அமைப்பு எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு மேல் 2%தான் போடலாம். கலிபோர்னியாவில் 7.25%க்குக் குறைந்து எங்கும் கிடையாது. வட்டார வரிகள் அதற்கு மேல். அலாஸ்காவில் மாநில வரியே இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஜூனோவில் பொருள் வாங்கினால் ஊர் வரி 5% உண்டு.

சரி, ரேட் தெரிந்துவிட்டது. எல்லாப் பொருளுக்கும் அதுவேதானா? இல்லை. நியூயார்க் நகரத்தில் 110 டாலருக்குக் குறைவான துணிக்கும் செருப்புக்கும் வரி கிடையாது. ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால் 60 டாலர் சட்டை மூன்று வாங்கினாலும் வரி இல்லை. ஆனால் 110 டாலர் ஜாக்கெட் ஒன்று எடுத்தால், மிஞ்சிய தொகைக்கு மட்டுமல்ல, முழு 110க்கும் வரி: 9.76 டாலர். ஒரு டாலர் குறைந்திருந்தால் இது மொத்தமும் மிச்சம்! அதே மலிவுச் சட்டையைப் பக்கத்து நாசாவ் (Nassau) கவுண்டியில் வாங்கினால் மாநிலத்தின் 4%க்கு மட்டும்தான் விலக்கு. உள்ளூர் வரியைக் கட்டியே ஆக வேண்டும். நதியைத் தாண்டி நியூஜெர்சி போனால் பெரும்பாலான துணிகளுக்கு விலை வரம்பே இல்லாமல் விலக்கு.

ஒரிகனில் விற்பனை வரி இல்லையே, அங்கே போய் கார் வாங்கலாம் என்று ஒரு யோசனை நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி வரும். கலிபோர்னியாவில் ஓட்டுவதற்காக வாங்கினால், பதிவு செய்யும்போது பயன்பாட்டு வரி என்ற பெயரில் அதே தொகையைக் கேட்பார்கள். பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

இணையத்தில் விற்பவர்கள் செய்யும் தவறு வேறு: வாங்குபவரின் ஜிப் கோடை (அமெரிக்க பின்கோடு) மட்டும் பார்த்து வரியைக் கணக்கிடுவது. ஜிப் கோடு தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்தது. வரி எல்லைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொலராடோவில் சென்டென்னியல் நகருக்குள் இருக்கும் வீடுகள் பலவற்றுக்குத் தபால் முகவரியில் இங்கிள்வுட் என்றே வரும். இரண்டும் வெவ்வேறு நகரங்கள், வெவ்வேறு வரி.

"நமக்கு அந்த மாநிலத்தில் கடையே இல்லையே" என்ற சமாதானமும் 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அளித்த தீர்ப்போடு செல்லாமல் போய்விட்டது. விற்பனை அந்தந்த மாநிலத்தின் வரம்பைத் தாண்டினால், கடை இல்லாவிட்டாலும் வரி வசூலிக்க வேண்டும்.

பல மாநில வரித்துறைகளின் தளங்களில் தெரு, கதவு எண்ணோடு முகவரியைக் கொடுத்தால் சரியான ரேட்டைக் காட்டும் வசதி இருக்கிறது. ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்தது போதாது; கலிபோர்னியாவில் வட்டார வரி எந்தக் காலாண்டின் முதல் நாளிலும் மாறலாம்.