ஸ்பானிஷ்ல சொந்தபந்தம் சொல்றப்போ நம்மாளுங்க மாட்டிக்கிற இடங்கள்

எந்த ஸ்பானிஷ் கிளாஸ்ல சேர்ந்தாலும் சரி, ஆப்ல படிச்சாலும் சரி, ஏ1-ங்கற ஆரம்ப லெவல்லயே பேமிலி பாடம் வந்துடும். அம்மா மாத்ரே, அப்பா பாத்ரே, பையன் இஹோ, பொண்ணு இஹா, அண்ணன் தம்பி எர்மானோ, அக்கா தங்கச்சி எர்மானா, தாத்தா அபுவேலோ, பாட்டி அபுவேலா, ஓ-ல முடிஞ்சா ஆண் ஆ-ல முடிஞ்சா பெண், இவ்ளோதானேன்னு ஒரே ராத்திரில மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பாடத்துக்கு போயிடறாங்க. ஆனா வாயத் தொறந்து நாலு வாக்கியம் பேசினா எங்கெங்கயோ இடிக்கும். ஏன்னா நாம தமிழ்ல நெனச்சு, அதை இங்கிலீஷ்ல மாத்தி, அப்புறம்தான் ஸ்பானிஷுக்கு போறோம். பாதி தப்பு அந்த நடு ஸ்டாப்பிங்லதான் ஏறுது. மீதி தப்பு நம்ம வீட்டு உறவுமுறையை அப்படியே அங்க தூக்கிட்டு போறதால வருது.

முதல்ல பாரியென்தேஸ். கேட்டா பேரன்ட்ஸ் மாதிரியே இருக்கும், அதனால அப்பா அம்மான்னு நெனச்சுக்கறாங்க. இல்லங்க, அது சொந்தக்காரங்க. அப்பா அம்மாவுக்கு பாத்ரேஸ். "நான் என் பாரியென்தேஸ் கூட இருக்கேன்"னு சொன்னா ஏதோ சொந்தக்காரங்க வீட்ல தங்கியிருக்கீங்கன்னுதான் எதிர்ல இருக்கறவங்க எடுத்துப்பாங்க. பாத்ரேஸ்ங்கறது அப்பாக்கள்னு அர்த்தம் வராதான்னு கேப்பாங்க, ஸ்பானிஷ்ல ஆணும் பெண்ணும் கலந்து இருந்தா ஆண்பால் பன்மையே ரெண்டு பேருக்கும் சேர்த்து வரும். தாத்தா பாட்டி சேர்ந்து அபுவேலோஸ், மாமனார் மாமியார் சேர்ந்து சுவேக்ரோஸ், பசங்க பொண்ணுங்க சேர்ந்து இஹோஸ். அதனால யாராவது "தியெனேஸ் எர்மானோஸ்?"னு கேட்டா அண்ணன் தம்பி இருக்காங்களான்னு மட்டும் கேக்கல, கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க. ரெண்டு அக்கா மட்டும் இருக்கறவங்க இல்லன்னு தலையாட்டக்கூடாது, "சி, தோஸ் எர்மானாஸ்"னு சொல்லணும்.

இப்ப நம்ம வீட்டுக் கதைக்கு வரலாம். சித்தப்பா பையன் நமக்கு தம்பி, பெரியம்மா பொண்ணு நமக்கு அக்கா, இதுல நமக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஆனா ஸ்பானிஷ்ல ஒரே அப்பா அம்மாவுக்கு பொறந்தாதான் எர்மானோ. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா, யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் ப்ரீமோ, பொண்ணா இருந்தா ப்ரீமா. எல்லாரையும் சேர்த்து "தெங்கோ சியேதே எர்மானோஸ்"னு, அதாவது எனக்கு கூடப் பொறந்தவங்க ஏழு பேர்னு பெருமையா சொன்னா உங்க அம்மா எட்டு பிள்ளை பெத்தவங்கன்னு முடிவு பண்ணிடுவாங்க. ரொம்ப நெருக்கம்னு காட்டணும்னா ப்ரீமோ எர்மானோன்னு ஒண்ணு இருக்கு, நேரடி சித்தப்பா பெரியப்பா அத்தை மாமா பிள்ளைகளுக்கு அதான் சரியான வார்த்தை, தயங்காம யூஸ் பண்ணலாம்.

அதே மாதிரி பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாமே தீயோ, பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாமே தீயா. டென்னிஸ் ரபேல் நடாலை எடுத்துக்கோங்க, சின்ன வயசுலேர்ந்து 2017 வரைக்கும் கோச்சா இருந்த டோனி நடால் அவரோட அப்பாவுக்கு கூடப் பொறந்தவர், பார்சிலோனா டீமுக்கு புட்பால் ஆடின மிகேல் ஆங்கெல் நடாலும் அப்படித்தான். நம்ம வீடா இருந்தா அப்பாவுக்கு மூத்தவரா இளையவரான்னு கேட்டுட்டுதான் கூப்பிடவே ஆரம்பிப்போம், அங்க ரெண்டு பேருமே தீயோதான், பின்னாடி பேர் சேர்த்துக்கிட்டா போதும். கண்டிப்பா பிரிச்சு சொல்லணும்னா "எல் எர்மானோ மயோர் தே மி பாத்ரே"ன்னா பெரியப்பா, மயோருக்கு பதிலா மெனோர் போட்டா சித்தப்பா. அக்காவுக்கு எர்மானா மயோர். ஆனா அது மத்தவங்ககிட்ட அக்காவை பத்தி சொல்றதுக்குத்தான், அக்காவைப் பார்த்து எர்மானா மயோர்னு கூப்பிட முடியாது, அங்க அக்காவையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நமக்கு நாக்கு வராதுதான், பழகிக்கணும்.

இன்னொரு சிக்கல், நம்மகிட்ட ஒரே வார்த்தை ரெண்டு மூணு உறவுக்கு வரும். மாமான்னா அம்மாவோட தம்பியும்தான், மாமனாரும்தான், சில வீடுகள்ல புருஷனும்தான். அத்தைன்னா அப்பாவோட தங்கச்சியும் மாமியாரும். சித்தின்னா அம்மாவோட தங்கச்சியும், அப்பாவோட ரெண்டாவது மனைவியும். ஸ்பானிஷ்ல இது எல்லாத்துக்கும் தனித்தனி வார்த்தை. மாமனார் சுவேக்ரோ, மாமியார் சுவேக்ரா, அப்பாவோட ரெண்டாவது மனைவி மாத்ராஸ்த்ரா. மருமகன்னு அக்கா பையனையும் சொல்வோம், பொண்ணோட புருஷனையும் சொல்வோம், அங்க அக்கா பையன் சோப்ரீனோ, பொண்ணு புருஷன் யேர்னோ. யேர்னோல இருக்கற ஓ-வை எடுத்துட்டு ஆ போட்டு மருமகளுக்கு வார்த்தை பண்ணிடாதீங்க, மருமக நுவேரா. மச்சானும் இதே கதை, அத்தை பையனா இருந்தா ப்ரீமோ, மனைவியோட தம்பியா இருந்தா குன்யாதோ.

ஆனா ஒரு இடத்துல தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப வசதி, அதையும் நாம இங்கிலீஷ் வழியா போய் கெடுத்துக்கறோம். "என் பையனோட மனைவியோட அப்பா"ன்னு நீட்டி முழக்கி ஸ்பானிஷ்ல சொல்ல கஷ்டப்படறாங்க, தேவையே இல்ல, சம்பந்திக்கு கோன்சுவேக்ரோன்னு தனி வார்த்தையே இருக்கு, சம்பந்தியம்மா கோன்சுவேக்ரா. சகலைக்கு கோன்குன்யாதோ, மெக்சிகோ பக்கம் சுருக்கி கோன்கூன்யோம்பாங்க. ஓரகத்திக்கு கோன்குன்யாதா. இங்கிலீஷ்ல இதுக்கு ஒத்தை வார்த்தை இல்லாததால இங்கிலீஷ் புக்ல இருக்கற லிஸ்ட்ல இது பெரும்பாலும் இருக்காது, ஆனா ஒரு கல்யாண வீட்டுக்கு போனீங்கன்னா இதான் முதல்ல வேணும்.

இதைவிட முக்கியமானது அந்த சின்ன 'அ'. படம் பார்த்தேன்னு சொல்ல "பி உனா பெலிகுலா". அம்மாவை பார்த்தேன்னு சொல்ல "பி அ மி மாத்ரே". நடுவுல அந்த அ எதுக்குன்னு கிளாஸ்ல பக்கம் பக்கமா விளக்குவாங்க, நம்மாளுங்க அதை இங்கிலீஷ்ல தேடிட்டு கிடைக்காம விட்டுடுவாங்க. தமிழ்லயே பாருங்க, படம் பார்த்தேன்னு சொல்றோம், அங்க ஐ உருபு வேணும்னு இல்ல, ஆனா "அம்மா பார்த்தேன்"னு சொல்வோமா? அம்மாவை பார்த்தேன்னுதான் வரும், மனுஷங்கன்னா ஐ போட்டே ஆகணும். அந்த ஐ இருக்கற இடத்துல பெரும்பாலும் அ போட்டுடலாம். பாட்டியை கூப்பிட்டேன், தம்பியை தேடறேன், அப்பாவை ரொம்ப பிடிக்கும்னு "கியேரோ முச்சோ அ மி பாத்ரே", எல்லாத்துலயும் வரும். அந்த அ-வுக்கு அப்புறம் எல் (இங்கிலீஷ் தி மாதிரி, ஆண்பாலுக்கு வர்றது) வந்தா ரெண்டும் ஒட்டி அல் ஆயிடும், "பி அல் எர்மானோ தே ஆனா"ன்னா ஆனாவோட அண்ணனை பார்த்தேன். ஆனா எனக்கு இத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணி சொல்ற தெங்கோவோட அ சேராது, "தெங்கோ தோஸ் எர்மானோஸ்" அவ்ளோதான்.

வயசு சொல்றப்பவும் இங்கிலீஷ் உள்ள நுழையும். அவளுக்கு இருபது வயசுன்னு சொல்ல இங்கிலீஷ் இஸ் மாதிரி வர்ற எஸ் போடக்கூடாது, ஹேஸ் மாதிரி வர்ற தியெனே போடணும், "மி எர்மானா தியெனே பெய்ந்தே ஆன்யோஸ்". இதுல அந்த ன்ய சத்தத்தை விட்டுட்டு ஆனோஸ்னு சொன்னாலோ, எழுதறப்போ என் எழுத்து மேல இருக்கற வளைவை போடாம விட்டாலோ ஆசனவாய்னு அர்த்தம் வந்துடும், போன்ல என்-ஐ அழுத்திப் பிடிச்சா அந்த எழுத்து வரும், சோம்பல் படாம போடுங்க. குன்யாதோவுக்கும் அதே எழுத்துதான்.

உச்சரிப்புல, எச் எழுத்து இருந்தாலும் வாயில வராது, அதனால ஹெர்மானோ இல்ல எர்மானோ. ஹிஜோ இல்ல இஹோ, அந்த ஹோ தொண்டையிலேர்ந்து வரணும். தீயோவை டியோன்னு சொல்றதும் இங்கிலீஷ் பழக்கம்தான், நம்மகிட்ட சுத்தமான த இருக்கறப்போ அதை விட்டுட்டு ஏன் ட போடணும், பேரன் நியெத்தோ, நியெட்டோ இல்ல. அழுத்தம் எங்க விழுதுங்கறதையும் கவனிக்கணும், கடைசில அழுத்தி பபான்னா அப்பா, முதல்ல அழுத்தி பாபான்னா லத்தீன் அமெரிக்காவுல உருளைக்கிழங்கு. சிலி நாட்டுல தாத்தாவை தாத்தான்னே கூப்பிடுவாங்க, நமக்கு கேக்கவே சந்தோஷமா இருக்கும்.

கூப்பிடறதுல இன்னும் ஜாக்கிரதை வேணும். நம்ம ஊர்ல தெரியாதவங்களை அங்கிள் ஆன்ட்டின்னு கூப்பிடறது மரியாதை, அதை நம்பி மாட்ரிட்ல ஒரு பெரியவரை தீயோன்னு கூப்பிட்டா அது அங்க பசங்க ஒருத்தரையொருத்தர் மச்சி, டேய்னு கூப்பிடற மாதிரி. செனியோர், செனியோராதான் சரி. சிலில அப்படியில்ல, சின்னக் குழந்தைங்க ஸ்கூல் டீச்சரையே தீயான்னுதான் கூப்பிடும், அதனால எந்த நாட்டு ஆளுங்களோட பேசறோம்னு பார்த்துக்கணும். மெக்சிகோ ஆளுங்ககிட்ட "உங்க அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேக்கறப்போ மாத்ரே வேணாம், மமான்னு கேளுங்க, மாத்ரே அங்க பல கெட்ட வார்த்தைகள்ல வர்ற சொல், "து மாத்ரே" (உன் அம்மா)ன்னு தனியா சொன்னா திட்டற மாதிரி காதுல விழும். வயசான அம்மா யாராவது உங்களை மிஹோ, மிஹா (என் பையா, என் பொண்ணே)ன்னு கூப்பிட்டா குழம்பாதீங்க, நம்ம ஊர்ல முன்பின் தெரியாத பையனையும் வாப்பான்னு கூப்பிடற பாசம்தான் அது.

கடைசியா குடும்பப் பேர். ஸ்பெயின்ல எல்லாருக்கும் ரெண்டு குடும்பப் பேர், வழக்கமா அப்பாவோடது முதல்ல அம்மாவோடது ரெண்டாவது, 1999-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் அம்மாவோடதை முதல்லயும் வைக்கலாம். கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பேரை மாத்திக்கிறதில்ல. ஓவியர் பிகாசோவோட அப்பா பேர் ரூயிஸ், பிகாசோங்கறது அம்மா வீட்டுப் பேர், அவர் அதையே கையெழுத்தா வச்சுக்கிட்டார். அதனால ஒருத்தரோட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குடும்பப் பேர் வேற வேறயா இருக்கறதைப் பார்த்துட்டு அது மாத்ராஸ்த்ராவான்னு மட்டும் கேட்டுடாதீங்க.