ஒரே விஷயம், பல வகை புக்கு: இப்படிப் படிச்சுப் பாருங்க

எல்லா வகையும் படிக்கணும்னு பெரிய லிஸ்ட் போட்டா பாதியில நின்னுடும், அதுக்குப் பதிலா ஒரே விஷயத்தப் புடிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே வகைய மாத்துங்க. நம்ம மார்த்தாண்டம், களியக்காவிளை மாதிரி கேரள எல்லைப் பக்கம்னா கடலையே எடுத்துக்கலாம், முதல்ல மலையாள எழுத்தாளர் தகழியோட செம்மீன் நாவல், சுந்தர ராமசாமி தமிழ்ல தந்தது, முடிச்ச சூட்டோட மீன், பருவமழை பத்தி எளிமையா எழுதின அறிவியல் புக்கு ஒண்ணு, அப்புறம் திருவிதாங்கூர் வரலாறு, 1956ல நம்ம விளவங்கோடு உட்பட நாலு தெக்குத் தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்தது வரைக்கும். நாவல்ல மனசுல ஒட்டின கரையும் ஆளுங்களும்தான் அந்த அறிவியல், வரலாறு புக்குக்குள்ள உங்கள இழுத்துட்டுப் போகும், நிஜமாவே. கவிதை தினம் ஒண்ணு போதும். மலையாளம் பேச வரும்னா எழுத்தையும் கத்துக்கோங்க, பஸ் போர்டு படிச்சே ஆரம்பிக்கலாம், ரெண்டு மொழி லைப்ரரியும் உங்களுக்குத் திறக்கும். அம்பது பக்கம் தாண்டியும் ஒட்டலன்னா தயங்காம வேற புக்கு எடுங்க.