சளியா, கோவிடா: முதல் சில நாட்களில் பிரித்தறியும் முறை

2022 ஜனவரியில், ஒமைக்ரான் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மாலை எனக்குத் தொண்டை கரகரத்தது. இரவுக்குள் மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. வீட்டிலேயே கோவிடைச் சோதிக்க உதவும் ஆன்டிஜென் கிட் ஒன்று கையிலிருந்தது, அதில் அன்றிரவே சோதித்துப் பார்த்தேன். ஒரே கோடுதான் வந்தது. வெறும் தடுமன் என்று முடிவுகட்டி, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நீரிழிவு உள்ள 71 வயது அப்பாவின் அருகில் அமர்ந்து வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடி சோதித்தபோது இரண்டாவது கோடு தெரிந்தது. ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அவர் சில நாட்கள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பிவிட்டார். ஆனால் அந்த மூன்று நாட்களில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அதன் பிறகுதான் படித்தும், எங்கள் மருத்துவரிடம் கேட்டும், அடுத்தடுத்து வீட்டில் வந்த சளித்தொல்லைகளின்போது செய்துபார்த்தும் கற்றுக்கொண்டேன். அதை முதன்முறையாகச் செய்பவர்களுக்குப் புரியும்படி படிப்படியாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். மருத்துவரிடம் போகும்வரை வீட்டில் எதைக் கவனிப்பது, எதைக் குறித்துவைப்பது என்பது மட்டுமே இதில் இருக்கிறது. கை கழுவுவது, முகக்கவசம் அணிவது போன்றவை எல்லோருக்கும் பழகிவிட்டதால் அவற்றை விளக்கப்போவதில்லை.

படி 1: விடை தெரியும்வரை கோவிட் என்றே நடந்துகொள்ளுங்கள்

தொண்டை கரகரத்த அந்த மணிநேரத்திலிருந்தே தனி அறைக்குப் போய்விடுங்கள். கோவிட் உள்ளவரிடமிருந்து தொற்று, அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. அறிகுறி வந்த முதல் சில நாட்களில்தான் மிகுதியாகப் பரவுகிறது. நாம் 'சளியா, கோவிடா' என்று யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களும் அவையேதான். சளி என்று பின்னால் தெரியவந்தால் இரண்டு மூன்று நாள் தனித்திருந்ததோடு போயிற்று. முதியவர்கள், நீரிழிவு, இதயநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

படி 2: ஒரு தாளில் நாட்கணக்கு எழுதுங்கள்

இதற்கென்று செயலிகள் உண்டு. ஆனால் எனக்குத் தாளும் பேனாவும்தான் பிடித்திருக்கிறது. தலைவலியோடு படுத்திருப்பவர் அதைக் கதவிடுக்கு வழியே நீட்டினால், வெளியே இருப்பவர் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிடலாம். முதல் அறிகுறி என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை மேலே எழுதுங்கள். அந்த நாளை 'பூஜ்யம்' என்று வைத்துக்கொண்டு மறுநாளிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் இருமிக்கொண்டிருந்த யாரோடாவது மூடிய அறையில் இருந்தீர்களா என்பதையும் தேதியோடு குறியுங்கள்.

தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையிலான இடைவெளி ஒரு துப்பு. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றுள் முதன்மையான ரைனோவைரஸ் ஒட்டியபின் அரை நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் மூக்கு ஒழுகத் தொடங்கும். 2020இல் பரவிய கோவிட் சராசரியாக ஐந்து நாட்களையும், சிலரிடம் 14 நாட்கள் வரையும் எடுத்துக்கொண்டது. ஆகவே அப்போது இந்தக் கணக்கு ஓரளவு உதவியது. ஒமைக்ரான் மூன்று நாட்களிலேயே வெளிப்பட்டுவிடுவதால், நெருங்கிய தொடர்புக்கு மறுநாளே வந்த தும்மலைத் தவிர மற்றவற்றில் இதை மட்டும் நம்ப முடியாது.

படி 3: அறிகுறிகளைப் படியுங்கள், ஆனால் தீர்ப்பு எழுதாதீர்கள்

மூக்கு ஒழுகினால் கொரோனா இல்லை என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருந்தது. 2020 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பும் சீனாவும் இணைந்து, உறுதிசெய்யப்பட்ட 55,924 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், காய்ச்சல் 87.9 சதவீதத்தினருக்கும் வறட்டு இருமல் 67.7 சதவீதத்தினருக்கும் இருந்தது. மூக்கடைப்பு வெறும் 4.8 சதவீதத்தினருக்கே இருந்தது. அன்றைய வைரஸுக்கு அது பொருந்தியது. டெல்டா வந்தபின் மூக்கொழுகலும் தலைவலியும் முன்னுக்கு வந்தன. ஒமைக்ரானில் தொண்டைவலியும் தும்மலும் சேர்ந்துகொண்டன. தடுப்பூசி போட்டவர்களிடம் இன்னும் இலேசாக, முற்றிலும் சளியைப் போலவே வந்துபோகிறது.

ஆனாலும் சில வேறுபாடுகள் கவனிக்கத்தக்கவை. சளி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பெரியவர்களுக்குச் சளியில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வருவது அரிது, குழந்தைகளுக்கு வரலாம். எழுந்து உட்காரவே முடியாத அசதி, உடல்வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை வெறும் சளியில் வழக்கமில்லை. திடீரென ஒரே நாளில் கடும் காய்ச்சலும் உடல்வலியும் அடித்துப் போட்டால் இன்ஃப்ளுயன்சாவையும் நினைக்க வேண்டும். கண்ணும் மூக்கும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, காய்ச்சலே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒவ்வாமை. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சாதாரணச் சளியிலும் அப்படி மாறும்.

வாசனையைச் சோதிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சளியில் மூக்கு அடைத்திருப்பதால் காற்று மேலே போகாமல் வாசனை மங்குகிறது. கோவிடில் மூக்கு திறந்திருக்கும்போதே வாசனை மறைந்துவிடக்கூடும். வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை வைரஸ் தாக்குவதே அதற்குக் காரணம். எனவே முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு நாசியை விரலால் மூடி, மற்றதன் வழியே காற்று தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். போனால், கண்ணை மூடிக்கொண்டு சோப்புக்கட்டியை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்துபாருங்கள். தைலத்தையோ கற்பூரத்தையோ மட்டும் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் காட்டத்தையும் குளிர்ச்சியையும் உணர்வது முகத்தின் தொடுவுணர்வு நரம்பு. வாசனை அறவே போனவருக்கும் அது 'சுர்ர்' என்று ஏறும். நான் அன்று தைலத்தை முகர்ந்துபார்த்துவிட்டு, வாசனை இருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். உண்மையில் சோப்பின் மணம் எனக்கு அன்றே தெரியவில்லை என்பதை மூன்றாம் நாள் குளிக்கும்போதுதான் உணர்ந்தேன். நாக்கில் ஒரு துளி உப்பும் சர்க்கரையும் வைத்துப் பாருங்கள்: அவையே தெரியாவிட்டால் வெறும் மூக்கடைப்பு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஆனால் வாசனை நன்றாகத் தெரிகிறது என்பதற்காகக் கோவிட் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

படி 4: காய்ச்சலும் ஆக்சிஜனும்

நெற்றியில் நீட்டும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் எனக்குப் பிடிப்பதில்லை. வியர்வையும் மின்விசிறிக் காற்றும் அதன் எண்ணை மாற்றிவிடுகின்றன. நாக்கின் அடியில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். சூடாகவோ குளிராகவோ குடித்த அரைமணி நேரத்துக்குப் பிறகு வையுங்கள். பாராசிட்டமால் விழுங்குவதற்கு முன்பே பார்த்து எழுதிவிடுங்கள். மாத்திரைக்குப் பின் பார்த்துவிட்டுக் காய்ச்சலே இல்லை என்று எழுதிய தாள்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சளியையும் கோவிடையும் முதல் நாளிலேயே பிரித்துக்காட்டாது. தொற்று நுரையீரலுக்கு இறங்குகிறதா என்பதைக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் நீக்கிவிட்டு, கையை நெஞ்சுயரத்தில் வைத்துக்கொண்டு மாட்டுங்கள். எண் ஏறி இறங்குவது நின்று ஒரு நிமிடமாவது நிலைத்தபின் எழுதுங்கள். நாடித்துடிப்பை அலையாகக் காட்டும் கருவியை வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் அலை ஒழுங்கில்லாதபோது வரும் எண்ணை நம்பாமல் விட்டுவிடலாம். 95க்குக் குறையாமல் நின்றால் கவலையில்லை. 94 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருத்துவரை அழையுங்கள். 90க்குக் கீழே போனால் அது அவசரநிலை. கருமையான தோல் உடையவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சையே நம்புங்கள்.

படி 5: ஆன்டிஜென் சோதனையைச் சரியான நாளில், இருமுறை

என்னை இடறிவிட்ட படி இதுதான்.

ஆர்டி-பிசிஆர் சோதனை வைரஸின் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்பதால் சிறிதளவு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆன்டிஜென் கிட்டில் அப்படிப் பெருக்கும் வேலை இல்லை. குச்சியில் வந்த வைரஸ் புரதம் போதிய அளவு இருந்தால் மட்டுமே தொற்றைக் காட்டும் 'டி' கோடு எழும்பும். தொண்டை கரகரக்கத் தொடங்கும் முதல் நாளில் மூக்கில் அந்த அளவு வைரஸ் பெருகியிருக்காமல் இருக்கலாம். ஆகவே இரண்டு கோடு வந்தால் அது கோவிட் என்று பெரும்பாலும் நம்பலாம். ஒற்றைக் கோடு வந்தால் 'இன்னும் தெரியவில்லை' என்றுதான் பொருள். நான் அதை 'இல்லை' என்று படித்தேன்.

ஆகையால் அறிகுறி தோன்றிய மறுநாளோ இரண்டாம் நாளோ ஒரு சோதனை செய்யுங்கள். ஒற்றைக் கோடாக இருந்தால் 48 மணிநேரம் கழித்து மறுபடி செய்யுங்கள். அதுவரை படி 1 தொடரட்டும். கிட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதல் நாள் பதற்றத்தில் அதைச் செலவழிக்காமல் மூன்றாம் நாளுக்கு எடுத்துவையுங்கள்.

குச்சியைச் செலுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் மூக்கைச் சிந்துங்கள். நமக்கு வேண்டியது ஒழுகும் நீரன்று, மூக்கின் உட்சுவரில் ஒட்டியிருப்பது. குச்சியின் பஞ்சுமுனை முழுவதும் உள்ளே போகும்வரை, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் செலுத்தி, சுவரோடு அழுத்தி, மெதுவாக ஐந்து சுற்று சுழற்றுங்கள். அதே குச்சியால் மற்ற நாசியிலும் செய்யுங்கள். கண்ணில் நீர் துளிர்க்கும், தும்மல் வரும். அப்படி வந்தால்தான் சரியாகத் தேய்த்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லித்தந்த செவிலியர் கூறினார். பிறகு குழாயில் உள்ள திரவத்தில் குச்சியை நன்றாகக் கலக்கி, குழாயின் பக்கங்களைப் பிதுக்கி, பஞ்சில் இருப்பதைப் பிழிந்தெடுங்கள். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். உறையில் உள்ள தாளைப் படித்துவிட்டு அலைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மூன்றாம் நாள் காலையில், பதினைந்தாவது நிமிடத்தில் பார்த்தபோது, கிட் வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு சிவப்பாக அழுத்தமாக இருந்தது. 'டி' இருக்கவேண்டிய இடம் குழல்விளக்கின் அடியில் வெறுமையாகத் தெரிந்தது. சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தபோதுதான், பென்சிலால் இழுத்து அழித்தது போல ஓர் இளஞ்சிவப்புக் கோடு குறுக்காக ஓடியது. கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், குறித்த நேரத்துக்குள், நிறத்தோடு தெரிந்தால் அது பாசிட்டிவ்தான். குறித்த நேரம் கடந்து, மணிக்கணக்கில் கழித்துத் தோன்றும் சாம்பல்நிற நிழலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 'சி' கோடே வராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. வேறு கிட்டில் செய்ய வேண்டும்.

வீட்டில் முதியவர் இருந்து, இரண்டு ஒற்றைக் கோட்டுக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டால் ஆர்டி-பிசிஆர் செய்துவிடுங்கள்.

படி 6: ஐந்தாம் நாளுக்குப் பிறகு

சளி என்றால் இதற்குள் தணியத் தொடங்கியிருக்கும். கோவிடில் சிலருக்கு முதல் சில நாட்கள் இலேசாகப் போய், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திடீரென மூச்சுத்திணறல் தொடங்கும். அப்பாவுக்கு ஆறாம் நாள் மாலை ஆக்சிமீட்டர் 93 என்று காட்டியது. அவரோ தெளிவாகப் பேசிக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார். தாளில் எழுதிவந்ததால்தான் முந்தைய நாள் 97 இருந்தது என்பதைக் கண்டு உடனே அழைத்துப்போனோம். ஒரு வாக்கியத்தை மூச்சுவிடாமல் முடிக்க முடியாமை, விட்டுவிடாத நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, எழுப்பியும் விழிக்காத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை, ஏப்ரல் 2022: வாசனை போகவில்லை, ஆனாலும் பாசிட்டிவ் வந்தது எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் இம்மாதம் வெளியான பிரிட்டன் ஆய்வில், வாசனை இழந்தவர்கள் டெல்டாவில் 52.7 சதவீதம், ஒமைக்ரானில் 16.7 சதவீதம் மட்டுமே. வாசனைச் சோதனை 'ஆம்' என்று சொன்னால் மதியுங்கள். 'இல்லை' என்று சொன்னால் படி 5ஐத் தொடருங்கள்.

பின்சேர்க்கை, ஆகஸ்ட் 2022: அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இப்போது, அறிகுறி உள்ளவர்கள் 48 மணிநேர இடைவெளியில் இருமுறையும், அறிகுறி இல்லாதவர்கள் மும்முறையும் ஆன்டிஜென் சோதனை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிட்டை எடுத்தவுடன் பயன்படுத்தியதாக ஒருவர் எழுதியிருந்தார். அரைமணி நேரமாவது வெளியே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் உறையைப் பிரியுங்கள். குணமடைந்தபின் ஆர்டி-பிசிஆர் செய்து பாசிட்டிவ் வந்ததால் அஞ்சியவர்களுக்கும் ஒரு சொல்: அது உயிரற்ற வைரஸ் துணுக்குகளையும் கண்டுபிடிப்பதால் வாரக்கணக்கில் அப்படியே காட்டக்கூடும், தனிமையிலிருந்து வெளிவரலாமா என்பதை முடிவுசெய்ய அதைப் பயன்படுத்த வேண்டாம்.