பால் மறந்த எருமைக் கடாக்கன்று: எங்கே தவறுகிறோம்?

எருமை கடாக்கன்று ஈன்றால் பல வீடுகளில் முகம் சுருங்கிவிடுகிறது. பால் தராது, உழவுக்கும் இப்போது வேலை இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மாட்டிறைச்சி எருமை இறைச்சிதான். ஒழுங்காக வளர்த்த கடாவுக்கு நல்ல விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் பால் மறக்கடித்த முதல் சில வாரங்களிலேயே கோட்டைவிடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பதுதான் பெரிய தவறு. தாயிடமிருந்து பிரிப்பது, தடுப்பூசி, மூக்குக் குத்துவது, வண்டியேற்றி வேறு கொட்டகைக்கு அனுப்புவது என்று வரிசையாக நடக்கும். தாயைத் தேடிக் கத்தும் கன்று சரியாகத் தின்னாது, தண்ணீரும் குடிக்காது. எதிர்ப்புச் சக்தி குறையும் அந்த நேரத்தில்தான் ரத்தக் கழிச்சல் தலைகாட்டும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். கன்று பழகிய இடத்திலேயே இருக்கட்டும், தாயை நகர்த்துங்கள்.

அப்புறம் தீனி. பாலை நிறுத்திய அன்றைக்கு அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு போன்ற சத்துத் தீனி) ஆரம்பித்தால் தாமதம்தான். புல்லும் தீவனமும் தின்று பழகினால்தான் அசைபோடும் வயிறு வளரும், அதனால் பால் குடிக்கும்போதே தொடங்க வேண்டும். வெறும் வைக்கோலில் வளரும் கன்றுக்கு வயிறு பானைபோல் தெரியும், முதுகெலும்பும் துருத்தும். அதைக் கொழுப்பு என்று நம்பிவிடாதீர்கள். புண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை, கொஞ்சம் வேலிமசால் அல்லது அகத்தித் தழை அவசியம்.

மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அள்ளி வைப்பது இதைவிட ஆபத்து. வயிற்றில் அமிலம் பெருகி, மறுநாளே கன்று படுத்துவிடும், செத்தும் போகும். எந்தப் புதுத் தீனியையும் பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். யூரியா தெளித்த வைக்கோல் 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். பூக்காத சோளப்பயிரை, அதுவும் வறட்சியில் வாடியதை, மேயவிடவே கூடாது. அதில் சயனைடு நஞ்சு இருக்கும்.

தொண்டை அடைப்பான் என்ற தொற்றுநோய் மாட்டைவிட எருமையை மோசமாகத் தாக்கும். தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, நிழலும் உடம்பை நனைக்கத் தண்ணீரும் வேண்டும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதும் தவறுதான். அங்குலத்தில் நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் தோராயமான கிலோ வரும். சுற்றளவு 48, நீளம் 40 என்றால் சுமார் 140 கிலோ. மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எடை ஏறாமல் நின்றால், தீவனத்தைக் கூட்டுவதற்கு முன் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்.